கைக்குத் தகுந்த வண்டி

நாற்பது நாளாக அந்த வீட்டில் முட்டைதான். முழு முட்டையாக இருந்தால் அவித்தாவது தின்னலாம். உடைந்த முட்டைக்கு உலகத்தில் இரண்டே கதி. வாணலியில் ஊற்றிப் பொரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொதிக்கிற குழம்பில் ஊற்றிக் கிண்ட வேண்டும். அவள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டாள். வெங்காயம் போட்டு ஒரு நாள், போடாமல் ஒரு நாள். மழை வேறு விடாமல் தூறிக்கொண்டிருந்ததால் எதுவும் காயவில்லை. தலையணை உறையிலிருந்து தண்ணீர்க் குடம் வரைக்கும் கவிச்சி ஏறிப்போயிருந்தது.

"அண்ணி, இன்னைக்கு என்ன?" செருப்புக்கடை வேலை முடிந்து வருகிற நாத்தனார் வாசலிலேயே நின்று கேட்பாள்.

"உள்ள வந்து பாரு."

"பார்க்கவே வேணாம். தெருமுனையிலயே மூக்கு சொல்லிருச்சு. நேத்து ஒரு அம்மாவுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனியறேன், 'ஏம்மா, வீட்டுல கோழி வளர்க்கிறியா'ன்னு கேக்குறாங்க. இனி நான் அடைகாக்க உக்கார வேண்டியது ஒண்ணுதான் பாக்கி."

அண்ணிக்காரி சிரித்துவிடுவாள். முட்டையைக் கொண்டுவருகிற அவள் புருஷன்தான் சிரிக்கமாட்டான். மூலையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வான்: "வண்டி தூக்கிப்போடுது. நான் என்ன பண்ண? முறுக்கினா ஒண்ணு சும்மா இருக்கு, இல்லைன்னா பேய் பிடிச்ச மாதிரி பாயுது. நடுவுல ஒண்ணும் இல்ல. பிக்கப்பு சரியில்ல."

பத்தொன்பது வருஷம் அவன் கல்குவாரியில் குழி போடுகிறவனாக இருந்தான். வெடி வைக்கப் பாறையில் குழி போடுகிற காற்று மிஷின். நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் ஆட்டும். குவாரியில் அவனுக்கு 'இடி' என்று பேர். அவன் மிஷினைப் பிடித்தால் பாறை அவனுக்கு வழி விடும் என்பார்கள். பாறை வழி விட்டது, விரல்தான் தாங்கவில்லை. குளிர் வந்தால் வலது கையில் நான்கு விரலும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்துப்போகும். ரத்தம் திரும்பி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் கையை அடிப்பான். டாக்டர் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார்: "இனிமே அந்த மிஷினைத் தொட்டீங்கன்னா விரல் ஒவ்வொண்ணா கறுத்து விழும். மருந்து கிடையாது."

அன்றோடு குவாரியை விட்டான். எட்டு மாதத்தில் வலி போய்விட்டது. "பார்த்தியா, மிஷினை விட்டதும் குணமாயிருச்சு" என்று அவளிடம் கையை விரித்துக் காட்டினான். வலி போனதைக் குணம் என்று நினைத்தான். அவளும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகுதான் முட்டை வேலை கிடைத்தது. முட்டைக் கிடங்கிலிருந்து கடைகளுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் பைக்கில் கொண்டுபோய்ப் போட வேண்டும். பழைய வண்டி ஒன்றைப் பிடித்துப் பின்சீட்டைக் கழற்றி மரச்சட்டம் அடித்தான். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை. இருபது அட்டை அடுக்கி ரப்பர் கயிறு போட்டுக் கட்டினால் அறுநூறு உயிர் பின்னால் உட்கார்ந்து வருகிற மாதிரி என்பான். வெயில் காலம் முழுக்க ஒழுங்காகப் போனது. மழை பிடித்துக் காற்று சில்லிட்ட நாளிலிருந்துதான் உடையத் தொடங்கியது. கிளம்பும்போது ஒரு உலுக்கல், கடை வாசலில் நிறுத்தி எடுக்கும்போது ஒரு உலுக்கல். அடி அட்டைகளில் நூல் மாதிரிக் கீறல் விட்டு மஞ்சள் ஒழுகும். உடைந்ததையெல்லாம் ஒரு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான்.

கிடங்கு சூப்பர்வைசருக்குக் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். குளிக்கும்போதும் அது அங்கேதான் இருக்கும் என்று பேச்சு. எல்லோருக்கும் அவன் 'பென்சில்'. கெட்டவன் என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் பொறுத்தான். அப்புறம் சொன்னான்: "இடி, வண்டியப் பார்த்துச் சரி பண்ணு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நான் வேற ஆளைப் பார்க்கணும்."

அந்தச் சேதி எப்படித்தான் குவாரிக்குப் போனதோ, மறுநாளே மேஸ்திரி ஆள் விட்டுவிட்டான். குழி போடுகிற இடம் ஒன்று காலியாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று. அவன் அதை வீட்டில் ஒரு செய்தியாகச் சொன்னான், அவ்வளவுதான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். நான்கு தெரு தள்ளி மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். முற்றத்தில் தார்ப்பாயைக் கட்டி, கீழே சாக்கை விரித்து, வண்டியை நிறுத்தி, எதிரும் புதிருமாக இரண்டு பேரும் குந்தினார்கள். தார்ப்பாயில் தேங்குகிற தண்ணீரை நாத்தனார் அடிக்கடி விளக்குமாற்றுக் கட்டையால் தூக்கிவிட வேண்டும். தூக்கும்போதெல்லாம் ஒரு குடம் தண்ணீர் தம்பியின் முதுகில்தான் விழுந்தது.

"வேணும்னே ஊத்துறியா?"

"ஞாயிற்றுக்கிழமையாவது குளிங்க. புண்ணியம் உங்களுக்கு."

"மச்சான், அவகிட்ட வாய் குடுக்காத. கார்புரேட்டரைக் கழட்டு" என்றான் அவள் புருஷன்.

தம்பி கழற்றினான். கார்புரேட்டருக்குள்ளே குட்டிப் பிஸ்டன் ஒன்று ஏறி இறங்குகிறது. அதன் வயிற்றில் ஒரு பித்தளை ஊசி தொங்குகிறது. ஊசியின் தலையில் ஐந்து கோடு. எந்தக் கோட்டில் கிளிப்பை மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துப் பெட்ரோல் கூடும், குறையும். அதையெல்லாம் தம்பி சொல்லச் சொல்ல அவள் புருஷன் பாடம் கேட்கிற மாதிரித் தலையை ஆட்டினான். கிளிப்பைத் தான்தான் மாட்டுவேன் என்று வாங்கினான். நகம் அளவு கிளிப். விரலுக்கு வந்தது, நழுவியது, சாக்கில் விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அது தன் விரலில் இல்லை என்பது தெரியாமல் வெறும் விரலை ஊசியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அவள் அதைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எண்ணெய்க் கை மாமா, வழுக்குது. குடுங்க" என்று தம்பி மாட்டினான்.

மாட்டி முடித்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வருகிறேன் என்று எடுத்துப் போனான். திரும்பி வந்து இறங்கி, "ஆமா மாமா. கொஞ்சம் தூக்கத்தான் செய்யுது" என்றான்.

"சொன்னேன்ல?" அவள் புருஷன் முகம் மலர்ந்துபோனது. ஒரு மாதத்தில் அவன் முகத்தில் அவள் பார்த்த முதல் வெளிச்சம் அது. "எல்லாரும் என்னைச் சொன்னானுங்க. வண்டியில கோளாறு."

புதன்கிழமை மத்தியானம் தம்பி அவள் வேலை செய்கிற பாட்டில் கிடங்குக்கே வந்துவிட்டான். பழைய பாட்டில்களைத் தரம் பிரித்துச் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுகிற இடம். பன்னிரண்டு பெண்கள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கழுவுவதைவிடக் கீறலைப் பிடிப்பதுதான் அதில் வேலை. கண்ணுக்குத் தெரியாத கீறல் கட்டைவிரலுக்குத் தெரியும். அவள் விரலுக்குத் தப்பி ஒரு பாட்டில் போனதில்லை என்று கிடங்கில் பேர்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "என்னடா, கடையைப் போட்டுட்டு?"

"அக்கா, ஒண்ணு சொல்லுவேன். திட்டாத."

"சொல்லு."

"அன்னைக்கு ஊசியை மாட்டும்போது நான் கோட்டை மாத்தவே இல்ல. எடுத்த கோட்டுலயே திருப்பி மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன் பாரு, முன்னாடியே மனசுல ஒரு சந்தேகம். முனை டீக்கடையில ஒரு டம்ளர் நிறைய தண்ணி வாங்கி அந்த மரச்சட்டத்துல வச்சேன். ரெண்டு தெரு ஓட்டினேன். நாலு இடத்துல நிறுத்தி எடுத்தேன்."

"ம்."

"ஒரு சொட்டு சிந்தலக்கா."

அவள் சோடாவில் வெந்து தோலுரிந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி முத்து மாதிரி இருக்கு. கோளாறு அங்க இல்ல. மாமா கையிக்கு ஆக்சிலேட்டர் எங்க பிடிக்குது, எங்க விடுதுன்னே தெரியல. தெரியாததால ஒரேயடியா முறுக்கிடறாரு. நீ இதைக் கவனிக்கலையா?"

"கவனிக்காம?" என்றாள். "பட்டன் சட்டையை விட்டுட்டு பனியன் சட்டைக்கு மாறினாரே, அதுக்கு என்ன அர்த்தம்? கொதிக்கிற டீயைச் சில்வர் டம்ளரோட பிடிச்சுக்கிட்டு அரை மணி பேசுறாரு. நான் முந்தானையால பிடிச்சாலும் சுடுது. போன மாசம் அடுப்பைப் பத்தவச்சாரு. தீக்குச்சி விரல் வரைக்கும் எரிஞ்சுது. நான்தான் ஊதி அணைச்சேன். 'என்னடி அவசரம்'ங்கிறாரு."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? கை செத்துப்போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா அடுத்த பேச்சு என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியும். 'செத்த கைதானே, இனி கெட என்ன இருக்கு'ன்னு குவாரிக்குக் கிளம்பிடுவாரு. குணமாயிருச்சுங்கிற நினைப்புலதான்டா அதைப் பத்திரமா வச்சிருக்காரு."

தம்பி காலால் ஒரு மூடியைத் தள்ளிக்கொண்டே நின்றான். உள்ளேயிருந்து ஒரு பெண், "தம்பிக்கு டீ சொல்லவா, இல்ல சோடாத் தண்ணியே போதுமா?" என்று கத்தினாள். அவள் கையை ஆட்டி மறுத்தாள்.

"வேற ஏதாச்சும் வழி இருக்காடா?"

"இருக்கு. ஆனா அது ரிப்பேரு இல்ல. நல்ல வண்டியைக் கெடுக்கிற வேலை."

"புரியிற மாதிரி சொல்லு."

"கையை இன்ஜினுக்குத் தகுந்த மாதிரி ஆக்க முடியாது. இன்ஜினைக் கையிக்குத் தகுந்த மாதிரி ஆக்கலாம். கைப்பிடிக்குள்ள ஒரு உருளை இருக்கு, அதுலதான் ஆக்சிலேட்டர் கம்பி சுத்துது. அதைச் சின்னதாக் கடைஞ்சு போட்டா, எவ்வளவு முறுக்கினாலும் கம்பி கொஞ்சம்தான் நகரும். உள்ள மேக்னெட்டுல ஒரு இரும்பு வளையம் போட்டுக் கனம் ஏத்தலாம். கனம் ஏறினா அவசரம் குறையும். தூங்கி எந்திரிச்ச தடியன் மாதிரி மெதுவா சோம்பல் முறிச்சுத்தான் கிளம்பும். மாமா எவ்வளவு தப்பா முறுக்கினாலும் வண்டி கண்டுக்காது."

"கெடுதல் என்ன?"

"முழுசா முறுக்கினாலும் பாதிக் காத்துதான் திறக்கும். ஏத்தத்துல திணறும். வேகம் இருக்காது."

"முட்டைக்கு என்னடா வேகம்? செய். வண்டியில கோளாறுன்னே சொல்லு."

"பொய்க்கு மேல பொய் அக்கா."

"நான் இத்தனை நாளா ஒண்ணைச் சொமக்கிறேன். நீ ஒண்ணைச் சொம."

அடுத்த ஞாயிறு முழுக்க உருளைக்குப் போனது. லேத்துப் பட்டறையில் நைலான் கட்டையில் கடைந்து வாங்கி வந்ததைத் தம்பி போட்டுப் பார்த்தான். கம்பி வழுக்கியது. பள்ளத்தை ஆழப்படுத்தினான். அப்புறம் முறுக்கினது திரும்பி வரவில்லை. ஸ்பிரிங்கைக் கடினமாகப் போட்டான். அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டான். வாரம் முழுக்க முட்டை சுமந்துவிட்டு வந்த ஆள். அந்த நாளில் அவன் கிடந்து உருண்டதைப் பார்த்தால் அந்த வண்டியைத் தானே பெற்றெடுத்தவன் மாதிரி இருந்தது. மரச்சட்டத்துக்கு அடியில் டியூப் ரப்பரை வெட்டி வைத்தான். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தான். கண்ணி அறுத்து விரலில் ரத்தம் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. துணியில் சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்து, "துரு நிறைய இருக்கு மச்சான்" என்றான்.

அவள் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வந்து அந்த விரலில் துணியைச் சுற்றினாள்.

"என்னடி?"

"துரு" என்றாள்.

நாத்தனார் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத் தார்ப்பாயில் தண்ணீர் தேங்கியது. ஆனால் தம்பியின் முதுகில் ஊற்றவில்லை. சமையற்கட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, எங்க அண்ணனுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. வெங்காயத்தை உரி."

"நான் செருப்புக்கடையில இருக்கேன் அண்ணி. சர்க்கரை வந்த ஆளுங்க எத்தனை பேர் வர்றாங்க. கால்ல ஆணி குத்தினது தெரியாம நடப்பாங்க. நான் குருடின்னு நினைச்சீங்களா?"

"அப்ப ஊமையா இரு. இன்னும் ஒரு வாரம்."

நாத்தனார் வெங்காயத்தை உரித்தாள். வெங்காயம் உரிப்பதில் ஒரு வசதி இருக்கிறது.

மாதத்தின் கடைசி ஞாயிறு. மறுநாள் திங்கள், பென்சில் வைத்த கெடு. அன்றைக்கு இரும்பு வளையம். தம்பி காலையிலேயே வந்து இன்ஜினின் இடது பக்க மூடியைக் கழற்றி, சட்டி மாதிரி இருக்கிற மேக்னெட்டை வெளியே எடுத்தான். வளையத்தை அதன்மேல் ஏற்றி நாலு போல்ட் போட்டு இறுக்கினான். ஒரு பக்கம் கனம் கூடினால் வண்டியே ஆடிச் செத்துவிடும் என்று, இரண்டு கத்தியை இணையாக நிறுத்தி அதன்மேல் ஒரு கம்பியில் கோத்து உருட்டிப் பார்த்தான். எந்தப் பக்கம் கீழே வந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் துளி அரம் போட்டுத் தேய்த்தான். மறுபடி உருட்டினான், மறுபடி தேய்த்தான். தூறலும் விட்டபாடில்லை. மத்தியானச் சோற்றுக்கு எழுந்திருக்கவே இல்லை. அவளும் கூப்பிடவில்லை. மூன்று மணி வாக்கில் அது எந்தப் பக்கமும் சாயாமல் விட்ட இடத்தில் நின்றது.

மாட்டி, மூடியைப் போட்டு, உதைத்தான். வண்டி உறுமவில்லை. யாரோ தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி மெல்லப் பிடித்தது.

"டம்ளர் கொண்டாக்கா" என்றான் தம்பி.

அவள் கண்ணாடி டம்ளரில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி மரச்சட்டத்தின் நடுவில் வைத்தாள். புருஷன் ஏறி உட்கார்ந்தான். வாசலிலிருந்து கிளம்பி, நடுவில் மின்கம்பத்தருகே நிறுத்தி எடுத்து, தெருமுனை போய்த் திரும்ப வேண்டும். முறுக்கினான். அவன் மணிக்கட்டு பாதிச் சுற்று திரும்பியதை அவள் பார்த்தாள். வண்டி பழையபடி இருந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவை உடைத்திருக்கும். இது அசைந்து, யோசித்து, நகர்ந்தது. மின்கம்பத்தில் நின்றது. கிளம்பியது. எதிர்வீட்டுக்காரன் ஜன்னலைத் திறந்து, "என்ன இடி, மாட்டு வண்டி வாங்கிட்டியா?" என்றான்.

திரும்பி வந்து நிறுத்தினான். டம்ளரில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் அப்படியே நின்றது.

"சிந்தல" என்றாள் நாத்தனார்.

"சிந்தலடி!" அவன் இறங்கி ஓடிவந்து தம்பியின் தலையைப் பிடித்து ஆட்டினான். "மச்சான், உன் கையைக் காட்டு, அதுக்கு முத்தம் குடுக்கணும். அறுநூறு முட்டை, ஒண்ணு உடையட்டும் பார்க்கிறேன். பென்சில் மூஞ்சில நாளைக்கு நானே போய் ஒண்ணை உடைக்கிறேன்."

அவள் சமையற்கட்டுக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பொய் பலித்துவிட்டது என்று நினைத்தாள். மழை முடிகிற வரைக்கும் போதும். வெயில் வந்தால் கை கொஞ்சம் தேறும்.

வெளியே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி, சும்மா நிற்கும்போது ஓடுகிற வேகத்தைத் திருகி 'ஸ்லோ' வைத்துக்கொண்டிருந்தான். அவள் புருஷன் பக்கத்தில் குந்தி ஒரு கையை இன்ஜின் பக்கம் ஊன்றி, குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதிர்வே இல்ல மச்சான். குவாரியில பத்தொன்பது வருஷம் அதிர்வோட குடித்தனம் பண்ணினவன் சொல்றேன். கை வச்சிருக்கேன் பாரு, ஒரு நடுக்கம் தெரியல. என்னா வேலைடா இது!"

நாத்தனார் மூக்கைச் சுளித்தாள். "அண்ணி, அடுப்புல முட்டை தீயுதா?"

"அடுப்பே இன்னும் பத்தவைக்கலையே" என்று சொல்லிக்கொண்டே அவள் வெளியே வந்தாள். வாசல்படியில் கால் வைத்ததும் அவளுக்கும் அந்த வாசம் அடித்தது. அது முட்டை இல்லை.

இன்ஜினிலிருந்து சைலன்சர் கிளம்பி வளைகிற இடம். ஒரு மணி நேரமாக ஓடிக் கொதித்துக்கொண்டிருந்த அந்த வளைவின்மேல் அவன் வலது கை நிம்மதியாக ஊன்றியிருந்தது. விரல்களுக்குக் கீழே இருந்து மெல்லிய புகை. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஒட்டியிருந்த இடம் உரிந்து வந்தது. தம்பி வண்டியை அணைத்தான்.

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். நடுவிரலும் மோதிர விரலும் நுனியிலிருந்து உள்ளங்கை வரைக்கும் வெள்ளையும் கறுப்புமாக இருந்தன. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தான். இடது கை விரலால் வெந்த இடத்தை அழுத்தினான். முகம் சுளிக்கவில்லை. முகம் சுளிக்காதது அவனுக்கே தெரிந்தது.

"மச்சான்" என்றான் கடைசியில். "அன்னைக்கு ஓட்டிப் பார்த்தியே. வண்டி தூக்கிப்போட்டுதா?"

தம்பி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தான்.

"உன்னைத்தான்டா கேக்குறேன்."

"இல்ல மாமா."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"நீங்க பட்டன் சட்டையை விட்டதிலிருந்து."

"நீ?" என்று தங்கையைக் கேட்டான்.

"போன வாரம்" என்றாள் நாத்தனார்.

"சரி" என்றான். "வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியாதா? பரவால்ல. கையிக்கே தெரியல, எனக்கு எப்படித் தெரியும்?"

யாரும் சிரிக்க வேண்டும் என்று அவன் அதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை போகவேண்டாம் என்று மூன்று பேரும் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. வெந்த விரல்களில் மருந்து தடவித் துணி சுற்றி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டச் சொன்னான். அவள் கட்டினாள். விடிந்தும் விடியாத மழையில் கிளம்பினான். மத்தியானத்துக்குள் வருகிற ஆள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தான். அவள் பாட்டில் கிடங்குக்குப் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மரச்சட்டத்தில் அட்டைகள் இல்லை. கையில் கட்டிய பிளாஸ்டிக் பையும் இல்லை. உடைந்த முட்டையைப் போட்டுக் கொண்டுவருகிற அந்த வாளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூட உடையல" என்றான்.

"அப்புறம்?"

"பாலத்துல ஏறல. அறுநூறு முட்டையோட ஏத்தத்துல நிக்குது. முழுசா முறுக்கியாச்சு, மேல முறுக்க இடமில்ல. இறங்கித் தள்ளினேன். ஒரு பக்கம் தள்ளினா இந்தக் கை பிடிக்க மாட்டேங்குது. ரெண்டு பேர் வந்து கை குடுத்தாங்க. திரும்பி வரும்போதும் பாலம். கடைக்குக் கடை லேட்டு. ரொட்டிக் கடைக்காரன் காலையில மாவு பிசைஞ்சு வச்சுட்டு முட்டைக்கு வழி பார்த்து உக்கார்ந்திருந்தானாம். ஏழு கடைக்காரன் வேற ஆள்கிட்ட எடுத்துட்டான்."

"பென்சில் என்ன சொன்னான்?"

"அட்டையை எல்லாம் பிரிச்சுப் பார்த்தான். 'முட்டை உடையல இடி, ஒத்துக்கிறேன். ஏழு பேர் போன் போட்டு என் காதை உடைச்சுட்டானுங்க'ன்னான். நாளையிலிருந்து மூணு சக்கர வண்டிக்காரன் ஒருத்தன் வர்றானாம். என் கையைப் பார்த்தான். வேற ஒண்ணும் சொல்லல. ஒரு டீ வாங்கிக் குடுத்தான்."

"குடிச்சீங்களா?"

"இடது கையில பிடிச்சுக் குடிச்சேன். சுட்டுது." அந்தக் கையை விரித்துப் பார்த்து, "இடது கையில சுடுதுடி" என்றான்.

தம்பி ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலேயே வந்து, வளையத்தைக் கழற்றி உருளையைப் பழையபடி மாட்டித் தருகிறேன் என்றான். அவன் வேண்டாம் என்றான். "எதுக்கு? நல்லாத்தான் ஓடுது."

நாத்தனார் செருப்புக்கடையிலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். தட்டில் சோறும் வெறும் குழம்பும் இருந்தன. பழக்க தோஷம், பார்க்காமலே கேட்டுவிட்டாள்: "அண்ணி, முட்டை?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குனிந்து பிசைந்து தின்னத் தொடங்கினாள். நாற்பத்தைந்து நாளில் முதல் தடவையாக அந்த வீட்டில் கவிச்சி இல்லாமல் சோறு இறங்கியது. ஒருவருக்கும் ருசிக்கவில்லை.

குவாரிக்கே திரும்பிப் போகிறேன் என்றான். அவள் மூன்று நாள் சண்டை போட்டாள். தெருவே கேட்கிற மாதிரி ஒரு நாள், பேசாமல் இரண்டு நாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். விரல் விழும் என்றாள். நான் கழுவுகிற பாட்டில் போதும், நாம் மூன்று வயிறுதானே என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். கடைசியில் ஒன்றுதான் சொன்னான்:

"வலிக்கும்னு பயந்துதான் விட்டேன். இப்ப வலிக்கவே வலிக்காது. செத்த கைக்கு என்னடி பத்தியம்?"

இந்த வார்த்தையைத்தான் அவள் தம்பியிடம் சொல்லியிருந்தாள். கொஞ்சம் முன்பின்னாக இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை குவாரி வேலை. மிஷின் பக்கம் நிற்கிறவன் தொளதொளத்த பனியன் சட்டை போடக்கூடாது, காற்றுக் குழாயில் மாட்டும். பழைய காக்கிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். கழுத்துப் பட்டனிலிருந்து தொடங்கி அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஆறு பட்டன். நான்காவது பட்டனின் ஓரத்தில் கீறல் விட்டிருந்ததை அவள் விரல் பார்த்தது. அதையும் போட்டாள்.

சோற்றுத் தூக்கை எடுத்து மரச்சட்டத்தில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டினாள். மூடி லூசாகிப்போன தூக்கு, கீழ் அடுக்கில் தண்ணீராகக் குழம்பு. அவன் உதைத்தான். வண்டி தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரிப் பிடித்தது. குவாரிக்குப் போகிற பாதையில் பாலம் கிடையாது, ஏற்றம் கிடையாது. போகிற வழி முழுக்க இறக்கம்தான்.

மின்கம்பத்தருகே எதிரே வந்த தண்ணீர் வண்டிக்கு வழி விட்டு நின்றான். மறுபடி முறுக்கினான். அவள் பார்வை முழுக்க அந்தத் தூக்கின்மேல்தான் இருந்தது. அது ஆடவில்லை, மூடி அசையவில்லை. அவ்வளவு பதமாக, ஒரு உலுக்கல் இல்லாமல், வண்டி அவனைக் கொண்டுபோனது.